கடைசிச் சரணத்தில் கிழியும் ஓர்கன் ஒலி

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் தேவாலயத்தில் மிடி கீபோட்டை மடிக்கணினியோடு இணைத்து, குழாய் ஓர்கனின் ஒலியைத் தரும் கிராண்ட்ஓர்க் (GrandOrgue) மென்பொருளில் வாசிக்கிறேன். நினைவகம் 8 ஜிபி. ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் நேரே மிக்சருக்குப் போகிறது. ஒன்றிரண்டு ஸ்டொப்பில் (ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் பொத்தான்) ஒலி அருமையாக இருக்கிறது. பாமாலையின் கடைசிச் சரணத்துக்கு எல்லா ஸ்டொப்பையும் திறந்தால் ஒலி கிழிகிறது. புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முழு ஓர்கனைத் திறக்கும்போது ஒலியின் அளவும் கூடுகிறது, கணினியின் வேலையும் கூடுகிறது. இந்த இரண்டில் எது எல்லை மீறினாலும் கேட்பவர் காதுக்கு ‘கிழிகிறது’ என்றுதான் படும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. எந்த நோய் என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால் நன்றாக இருப்பதும் கெட்டுவிடும்.

பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். கிழிகிற அதே ஸ்டொப்புகளைத் திறந்து, அதே சரணத்தை வாசியுங்கள். மிக்சரைத் தொடாமல், கிராண்ட்ஓர்க்கின் மேற்பட்டையில் டெசிபல் கணக்கில் இருக்கும் ஒலியளவை மட்டும் 12 குறையுங்கள். கிழிசல் மறைந்தால் அது ஒலி அளவு மீறிய கோளாறு. ஒலி குறைந்தும் ‘பட் பட்’ என்ற பொரிச்சல் அப்படியே கேட்டால் கணினி நேரத்துக்கு ஒலியைக் கொடுக்கத் தவறுகிறது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதற் சந்தேகம் அளவு மீறலில்தான். பத்து விரலும் பத்து ஸ்டொப்பும் சேர்ந்தால் நூறு குழாய்கள். ஒரு குழாயைவிட நூறு குழாய்கள் ஏறத்தாழ 20 டெசிபல் கூட. அதோடு, விட்ட சுரங்களின் எதிரொலி வால்களும் மேலே ஏறி நிற்கும். ஒரு புல்லாங்குழல் ஸ்டொப்பை வைத்துக் காதுக்கு இதமாக ஒலியளவை அமைத்தவருக்கு முழு ஓர்கனில் இடமே மிஞ்சாது. ஆகவே எப்போதும் உச்சத்திலிருந்து தொடங்குங்கள்: எல்லா ஸ்டொப்பும், ஒரு விசைப்பலகையை இன்னொன்றோடு இணைக்கும் கப்ளர்களும் திறந்து, இரண்டு கையாலும் பெரிய கோர்ட் ஒன்றைப் பெடலோடு அழுத்திப் பிடியுங்கள். மென்பொருளின் ஒலிமானி உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்வரை குறையுங்கள். ஆராதனைக்குப் போதாத ஒலியை அம்பிளிஃபயரில் கூட்டிக்கொள்ளலாம். விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘மேம்படுத்தல்’ என்று ஏதும் இயங்கினால் அணைத்துவிடுங்கள்.

இப்போது மிக்சர். ஹெட்போன் துளையிலிருந்து வருவது ஒரு வோல்ட்டை எட்டக்கூடும். மைக் உள்ளீடு எதிர்பார்ப்பது மில்லிவோல்ட். மைக் சானலில் குத்தியிருந்தால் கணினி சுத்தமாகக் கொடுப்பதையும் மிக்சர் நசுக்கும். அந்தச் சானலின் கெயின் குமிழை முழுதாக இறக்கிப் பாருங்கள். கிழிசல் போனால் குற்றவாளி அதுதான். லைன் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். மைக் சானல் மட்டுமே இருந்தால் இடையில் ஒரு டிஐ பெட்டி (லைன் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வையுங்கள்.

வயரையும் உற்றுப் பாருங்கள். முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ பிளக்கை மிக்சரின் ஒற்றை பலன்ஸ்ட் உள்ளீட்டில் குத்தினால், மிக்சர் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடும். நடுவிலிருக்கும் குழாயொலி கரைந்து, எதிரொலி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். பலர் இதை மென்பொருளின் பிழை என்று நினைக்கிறார்கள். ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்குகளாகப் பிரியும் வயரை வாங்கி, இரண்டு சானலில் போடுங்கள்.

பொரிச்சல்தான் என்றால் வழி வேறு. தாமதம் குறைவாக ஒலியை அனுப்பும் ஆசியோ (ASIO) ட்ரைவரைத் தேர்ந்தெடுங்கள்; தனி ஒலி இடைமுகம் இல்லாதவர்களுக்கு இலவச ஆசியோ4ஓல் (ASIO4ALL) இருக்கிறது. விண்டோஸ், மென்பொருள் இரண்டிலும் மாதிரி வேகம் (sample rate) 48000 என்று ஒன்றாக இருக்கட்டும். பஃபரை, அதாவது ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் அளவை, 512 மாதிரிகளுக்குக் கொண்டுவாருங்கள், அது 10.7 மில்லிசெக்கன் தாமதம். போதாவிட்டால் 1024, அதாவது 21.3. பயப்படத் தேவையில்லை: உண்மைக் குழாய் ஓர்கனில் வாசிப்பவர் குழாய்க்குப் பத்து மீற்றர் தள்ளி இருந்தாலே ஒலி வர 29 மில்லிசெக்கன் ஆகும். அடுத்து பொலிஃபனி எல்லையை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குழாய்களின் எண்ணிக்கையை, படிப்படியாகக் குறையுங்கள். அளவுக்கு மீறிக் குறைத்தால் எதிரொலி வால் பட்டென்று அறுந்து கேட்கும். அந்த இடத்தில் ஒரு படி மேலே ஏறுங்கள். இன்டர்பொலேஷன் (மாதிரிகளுக்கு இடைப்பட்ட ஒலியைக் கணிக்கும் முறை) அமைப்பை எளியதற்கு மாற்றுவதும், சேர்த்த எதிரொலியை அணைப்பதும் சுமையை நன்றாகக் குறைக்கும்.

8 ஜிபி நினைவகத்தில் 5 ஜிபி அளவுள்ள ஓர்கன் ஒலிப்பதிவுத் தொகுப்பைத் திறந்தால், விண்டோஸுக்கும் மற்ற மென்பொருட்களுக்கும் மிச்சம் கொஞ்சம்தான். நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் வட்டைத் தேடும், ஒலி தடுக்கும். அந்த ஓர்கனை 16 பிட் மாதிரிகளாக ஏற்றுங்கள்.

ஆராதனை தொடங்கும்போது சரியாக இருந்து இருபது நிமிடத்துக்குப் பிறகு பொரிந்தால் அது சூடு. மட்டக்களப்பின் ஏப்ரல், மே வெப்பத்தில் புரொசஸர் தன்னைக் காக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய வெள்ளி ஆராதனை போல மூன்று மணித்தியாலம் ஓட வேண்டியிருந்தால், முன்னதாகவே காற்றுத் துளைகளின் தூசியைத் துடைத்து, மடிக்கணினியின் பின்புறத்தை இரண்டு சென்றிமீற்றர் உயர்த்தி, துணி விரித்த மேசையில் வைக்காமல் பலகையில் வையுங்கள். மின்சேமிப்பு முறையை நிறுத்துங்கள், வைஃபையையும் அணையுங்கள்.

வாவிக் காற்றின் உப்பு பிளக்குகளை மங்க வைக்கும். வயரை அசைக்கும்போது மட்டும் கரகரத்தால் ஐசோபுரொபைல் அல்கஹோலில் நனைத்த துணியால் பிளக்கைத் துடையுங்கள், துளைக்குப் பஞ்சுக் குச்சி. சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிற ‘ம்ம்’ ஓசை எர்த் இணைப்புகள் ஒரு சுற்றாக அமைவதால் (ground loop) வருவது. அதற்கு டிஐ பெட்டியில் ஒலி வயரின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். சார்ஜரின் எர்த்தை வெட்டுவது உயிருக்கே ஆபத்து.

எல்லாம் சரியாகியும் பெடலின் அடிச்சுரங்களில் மட்டும் ஸ்பீக்கர் பெட்டி நடுங்கினால், அது ஸ்பீக்கரின் எல்லை. 16 அடி ஸ்டொப்பின் கீழ் சி 32.7 ஹெர்ட்ஸ், பேச்சுக்கென்று வாங்கிய பெட்டிகள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. மிக்சரில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சப்வூஃபர் ஒன்று வாங்கும்வரை பெடலில் 8 அடி ஸ்டொப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.