கை லீவரில் ஹைட்ராலிக் கிளட்ச்: கனம் குறைய

வண்டியின் கிளட்ச் லீவரை இழுத்துக் கை வலிக்கிறது, லீவரை நீட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். லீவரை நீட்டாதீர்கள், மாஸ்டர் சிலிண்டரை (லீவரை இழுக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) மாற்றுங்கள். இடது காலுக்குப் பதில் கையால் இழுக்கிறீர்கள், சிலிண்டர் மட்டும் பெடலோடு வந்த 19 மி.மீ. உள்விட்டம் உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். கை வலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். காலின் பலத்துக்குக் கணக்கிட்ட அளவு அது. 16 மி.மீ. போட்டால் இழுக்கும் பலம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்.

ஆனால் பிஸ்டன் போக வேண்டிய தூரம் 40 சதவீதம் கூடும். புது சிலிண்டரிலும் லீவரிலும் அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா பாருங்கள்.

கழற்றும் முன், ஒருவரிடம் கிளட்சை முழுதாக இழுக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் (அந்த ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் மறுமுனைச் சிலிண்டர்) ராடு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மாற்றிய பிறகும் அதே அளவு வர வேண்டும். குறைந்தால் கிளட்ச் முழுசாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்தும். அந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுக்கவே வேண்டாம்.

கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும் கனமாகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பைக் சிலிண்டர் வாங்கிப் போடுவதாக இருந்தால் கவனம்: சில பைக் சிலிண்டர்கள் மினரல் ஆயிலுக்கானவை. அதில் டாட் 4 பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் கெட்டுவிடும். மாற்றத்தை ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.