பீடி குடித்த அப்பாவுக்கு சி.ஆர்.பி. 12 வந்திருக்கிறது. இதைக் குறைத்தால் நுரையீரல் சரியாகுமா?

உங்கள் அப்பாவுக்கு 62 வயது, 35 வருஷப் பீடி, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று டாக்டர் சொல்லிவிட்டார், உசிலம்பட்டியில் ரத்தம் எடுத்ததில் சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) 12 என்று வந்திருக்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் 14 வருஷமாக லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. எங்கள் அப்பாவுக்கும் இதே நோய் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலையாக ரிப்போர்ட்டை எடுத்து 12-க்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பாருங்கள். லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் லேசான ஏற்றம். டெசிலிட்டருக்கு 12 என்றால் அது லிட்டருக்கு 120, அப்படியென்றால் உள்ளே பெரிய தொற்று இருக்கலாம், இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். லேபுக்கு லேப் அலகு மாறும், எண்ணை மட்டும் போனில் சொல்லிக் கேட்கிறவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

சரி, லிட்டருக்கு 12 என்றே வைத்துக்கொள்வோம். சி.ஆர்.பி. நுரையீரலில் சுரப்பதில்லை, கல்லீரலில் சுரக்கிறது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கூடும், ஈறு வீங்கியிருந்தால்கூட. 1930-ல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் இருப்பதில் பாதி 19 மணி நேரத்தில் கழிந்துவிடும், அதனால் போன வாரத்து எண் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

எண் கூடினால் பயப்படுகிறோம், ஆனால் குறைவாக வந்தால் ஏற்படும் நிம்மதி அதைவிட ஆபத்து. எங்கள் அப்பாவுக்கு முதல் தடவை நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன், சி.ஆர்.பி. 2 வந்தது. "என்ன தாயி, ரத்தம் சுத்தமா இருக்குல்ல?" என்று கேட்டு, ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் பீடிக்கட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு மேலூர் டீக்கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அதுக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார், அப்போது சி.ஆர்.பி. 86.

2012-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு சி.ஆர்.பி., வெள்ளையணு, ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்) உட்பட ஆறு அழற்சிக் குறியீடுகளைப் பார்த்தார்கள். 30 சதவீதம் பேருக்கு ஒன்றுகூடக் கூடியிருக்கவில்லை, ஆனால் நோய் இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அழற்சி அடங்காமலிருந்தவர்கள் 16 சதவீதம். மூன்று வருஷத்தில் இவர்களில் 13 சதவீதம் பேர் இறந்தார்கள், அழற்சியே இல்லாதவர்களில் 2 சதவீதம். அதனால் ஒரு தடவை பார்த்த 12-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. நன்றாக இருக்கும் நாளில், சளி காய்ச்சல் இல்லாதபோது, மறுபடி பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

சி.ஆர்.பி. உண்மையில் கைகொடுப்பது திடீரென்று இழுப்பு கூடும் சமயத்தில், ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவெடுக்க. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சி.ஓ.பி.டி. உள்ள 653 பேரிடம் செய்த சோதனை 2019-ல் வெளியானது. டாக்டர் அறையிலேயே சி.ஆர்.பி. பார்த்து, 20-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம், 40-க்கு மேல் என்றால் பலன் இருக்கும், நடுவில் என்றால் சளி பச்சையாக, சீழ் மாதிரி வருகிறதா என்று பார் என்று வழி சொன்னார்கள். சி.ஆர்.பி. பார்க்காத குழுவில் 77 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் எடுத்தார்கள், பார்த்த குழுவில் 57 சதவீதம்தான், அதனால் அந்தக் குழுவுக்கு உடம்பு கூடுதலாக மோசமானதாகத் தெரியவில்லை. இங்கே மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம், உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் ஈசினோபில் என்று ஒரு வரி இருக்கும், அது ஒரு வகை வெள்ளையணு, யாரும் அதைக் கவனிப்பதில்லை. சதவீதமாகப் போட்டிருந்தால் மொத்த வெள்ளையணுவோடு பெருக்குங்கள். மொத்தம் 8000, ஈசினோபில் 4 சதவீதம் என்றால் 320. அடிக்கடி இழுப்பு வருகிறவருக்கு இது 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் பலன் தர வாய்ப்பு அதிகம். 100-க்குக் கீழ் என்றால் பலன் குறைவு, நிமோனியா வரும் ஆபத்துதான் மிச்சம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது எடுத்தால் இந்த எண் பொய்யாகக் குறையும், வயிற்றில் பூச்சி இருந்தால் பொய்யாகக் கூடும். அப்பாவுக்கு எப்போதாவது டி.பி. வந்து தோப்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுப்பதற்கு முன் அவர் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில், சரியாகாது. ரத்தத்து அழற்சியைக் குறைக்கும் என்று நம்பி சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2014-ல் முடிவு வந்தது, இழுப்பு வரும் தடவைகள் குறையவில்லை. எண்ணைத் துரத்தி மஞ்சளில் செய்த மாத்திரை, கசாயம் என்று செலவழிக்காதீர்கள். பீடியை விட்டால் நுரையீரல் தேயும் வேகம் குறையும், எந்த வயதில் விட்டாலும். எங்கள் அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிய நாளிலிருந்து தொடவில்லை, இப்போது மாடிப்படியில் ஒரு தடவைதான் நிற்கிறார்.

ஊதும் டெஸ்ட் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. சி.ஓ.பி.டி.யை உறுதிசெய்வது அந்த ஸ்பைரோமெட்ரிதான், ரத்தம் அல்ல. மதுரைக்குக் கூட்டிவருவதாக இருந்தால், அன்றைக்குக் காலையில் இன்ஹேலர் எடுக்கலாமா கூடாதா என்று முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அலைந்தது வீணாகிவிடும்.