ஐந்து பேர் போதுமா?

கேள்வி: மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வருஷமாக ஊருணியைத் தூர்வாருகிறோம். ஜேசிபி வாடகைக்கு வசூலாகும் பணம் என் ஜிபேயில்தான் விழுகிறது. முறையாகப் பதிவு செய்ய ஆசை. டிரஸ்டா, சங்கமா? சிங்கப்பூர் சித்தப்பா பெரிய தொகை தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த ஜிபே. வருமான வரிக்காரர் கேட்டால், அது உங்கள் வருமானம் இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். யார் தந்தது, எதற்குப் போனது என்று இன்றே ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளை ஒட்டி வையுங்கள்.

டிரஸ்ட் பத்திரம் எழுதியே பல வருஷம் சாப்பிட்டவன் நான். இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம் என்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை சீக்கிரம் முடியும், ஆளும் அதிகம் தேவையில்லை, சரிதான். ஆனால் அறங்காவலர்களைத் தேர்தல் வைத்து மாற்றும் வழக்கம் அதில் இல்லை. ஊர்ப் பணம் புழங்கும் இடத்தில் பிறகு அதுவே சண்டையாகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன்படி சங்கமாகவே பதியுங்கள். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஊருணியில் தண்ணீர் எடுக்கும் பெண்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கும் துணை விதிகளை மட்டும் வேறொரு சங்கத்திலிருந்து அப்படியே காப்பி அடிக்காதீர்கள். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், காசோலையில் யார் கையெழுத்து, சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு என்று உட்கார்ந்து பேசி எழுதுங்கள்.

பதிவோடு வேலை முடிவதில்லை. நான் செயலாளராக இருந்த வாசகசாலையில் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, வருடாந்திரக் கணக்கை மறந்தே போனோம். தலைவர் இறந்தார். புதிய நிர்வாகிகள் பட்டியல் பதிவாளரிடம் ஏறாமல் வங்கி ஒரு ரூபாய் தரவில்லை. பழைய வருஷங்களின் கணக்கையெல்லாம் தோண்டியெடுத்து, தாமதக் கட்டணம் கட்டி நிமிர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதியவனுக்கே இந்த கதி! நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். நிர்வாகி மாறினால், அதைத் தெரிவிக்கும் ஏழாம் படிவத்தைப் பதிவாளரிடம் கொடுங்கள்.

பதிவானதுமே நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை வந்துவிடாது. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய அந்தச் சலுகைக்கு, சங்கத்தின் பெயரில் பான் எடுத்து வருமான வரித்துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் சித்தப்பா. அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு பைசா வாங்கக் கூடாது. அடுத்த முறை போன் செய்யும்போது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள்.