ஃப்ரீயா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் டூலுக்கு எதுக்கு ஸ்பான்சர் பண்ணணும்?

ஸ்பான்சர் பண்றதுன்னா, நம்ம சாஃப்ட்வேர் எந்த டூலை நம்பி ஓடுதோ அதைப் பராமரிக்கிறவங்களுக்கு மாசாமாசம் ஒரு தொகை குடுக்கிறது, அவ்வளவுதான். ஓப்பன் சோர்ஸ்னா கோடை யார் வேணாலும் பார்க்கலாம், எடுத்து யூஸ் பண்ணலாம், அதனால கோட் ஃப்ரீதான், ஆனா அதுல பிழை வந்தா உக்காந்து சரி பண்றவரோட நேரம் ஃப்ரீ இல்லையே.

ஓப்பன்எஸ்எஸ்எல்னு ஒண்ணு இருக்கு, இணையத்துல பாதுகாப்பா டேட்டா அனுப்ப எக்கச்சக்கமான வெப்சைட்டுங்க அதைத்தான் நம்பியிருந்துச்சு, ஆனா அதுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர், முழுநேரமா வேலை பார்த்தது ஒரே ஒருத்தர். 2014 ஏப்ரல்ல அதுல ஹார்ட்பிளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது வெளிய வந்தப்போ சர்வர் மெமரில இருந்து பாஸ்வேர்டு வரைக்கும் கசியலாம்னு தெரிஞ்சு உலகமே பதறுச்சு, அதுக்கப்புறம்தான் பெரிய கம்பெனிங்க சேர்ந்து ஓப்பன் சோர்ஸுக்கு உதவுற லினக்ஸ் ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்பு வழியா காசு போட்டாங்க. எனக்கு இன்னும் மனசு ஆறல, முன்னாடியே குடுத்திருக்கலாம்.

ஊர்ப் பொதுக்கிணறு மாதிரிதான் இது, தண்ணிக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க, ஆனா தூர் வார ஆள் வேணும், கயிறு மாத்தணும், எல்லாரும் இறைச்சுட்டு மட்டும் போனா கிணறு தூர்ந்துடும்.

ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்னா டெர்மினல்ல 'npm fund' (என்பிஎம் ஃபண்ட்) கமாண்டு அடிங்க, நீங்க யூஸ் பண்றதுல யாரெல்லாம் உதவி கேட்டிருக்காங்கன்னு லிஸ்ட் வரும், தினமும் தொடுற ஒண்ணுல ஆரம்பிங்க.

நிறைய பேர் ஸ்பான்சர் பண்ணிட்டா நாம கேக்கிற ஃபீச்சரை அவங்க செஞ்சே ஆகணும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கேட்டதைச் செஞ்சு தர்றது தனியா ஒப்பந்தம் போட்டு வாங்குற சப்போர்ட்.