குழாயே இல்லை, கழிவு மட்டும் வருகிறது: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே, ஓடையை ஒட்டிய சரிவு புதர்க்காடாகக் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் நாலைந்து பேர் அதை வாங்கி, மொத்தமாக வழித்துவிட்டுக் காய்கறி போடுகிறார்கள். ஒருவர் கோழிப்பண்ணையும் வைத்திருக்கிறார். இப்போது மழை பெய்தால் ஓடை செம்மண்ணாக வருகிறது. கிணற்று நீரில் நைட்ரேட் அதிகம் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. கேட்டால், "கழிவு விடுற குழாய் எங்க இருக்கு, காட்டுங்க" என்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. குழாயைக் காட்டச் சொல்வது கெட்டிக்காரத்தனமான வாதம், அவ்வளவுதான். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மாசுப் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ சேர விடுவதைத் தடை செய்கிறது. குழாய் வழியாகத்தான் வர வேண்டும் என்று அதில் இல்லை. 'எங்களுக்குத் தெரியாது' என்று நாளை அவர்கள் சொல்லாமலிருக்க, பரிசோதனை அறிக்கையை இணைத்து இப்போதே எல்லோருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு இதைவிடக் கச்சிதமாகப் பொருந்துவது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். உங்கள் நிலத்தின் வழியாக இயற்கையாக ஓடியோ கசிந்தோ வரும் நீரை, அது வந்து சேருமுன் மற்றவர்கள் வரம்பு மீறி மாசுபடுத்தக் கூடாது. அது நில உரிமையாளரின் உரிமை என்று அதன் 7-ஆவது பிரிவின் உதாரணங்களில் ஒன்று சொல்கிறது. கசிவைப் பற்றி அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள், பாருங்கள். இதை வைத்து சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம்.

நிரூபிப்பதுதான் கஷ்டம். புதர் போனால் மண்ணைப் பிடித்து வைக்க ஆளில்லை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு பாஸ்பரஸும் ஓடைக்குப் போகும். உரத்திலிருந்தும் கோழி எச்சத்திலிருந்தும் வரும் நைட்ரேட் அப்படியல்ல. நீரில் கரைந்து மெல்லக் கீழே இறங்கும், கிணற்றை எட்டச் சில சமயம் வருடங்கள் ஆகும். "உங்கள் உரமாகவே இருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு கேட்பது உறுதி. அதனால் அந்தச் சரிவுக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என ஓடை நீரை எடுங்கள். கோடையில் ஒரு முறை, முதல் மழையில் ஒரு முறை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், கூடவே சாட்சிகள். குடிநீரில் நைட்ரேட்டுக்கான வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அப்புறம் அந்த சர்வே எண்களுக்குப் பழைய, புதிய அடங்கல்களை (ஊர்ச் சாகுபடிப் பதிவேட்டின் நகல்களை) வாங்குங்கள். எந்தப் பசலியில் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில்) தரிசு, எதிலிருந்து சாகுபடி என்பது அதிலேயே தெரியும். எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

நாலைந்து பேரில் யாருடைய பங்கு எவ்வளவு என்று நீங்கள் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம், எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பாதிக்கப்பட்ட அக்கம்பக்கத்தாரையும் உங்களோடு சேர்த்துக்கொண்டால் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம். அதற்கான 2010-ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் மனுப்போட ஆறு மாதம்தான் கெடு, உங்களுக்கு அது தாண்டியிருக்கும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15-ஆவது பிரிவுக்கு ஐந்து வருடம். பாதிப்பு முதலில் எப்போது தெரிந்தது என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டு உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.