1780 என்று பொறித்த வெள்ளிக் காசு

கேள்வி: ஏடனில் வேலை பார்த்த தாத்தா விட்டுச்சென்ற பெரிய வெள்ளிக் காசில் ஒரு ராணியின் முகமும் 1780 என்ற ஆண்டும் உள்ளன. அவ்வளவு பழையதா? அசல் வெள்ளிதானா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: அது ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர். ஆண்டை வைத்து வயதைச் சொல்ல முடியாது. ராணி 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே அச்சடித்தார்கள். ஏமன், எத்தியோப்பிய வணிகர்கள் பழகிய முகத்தைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. முடியிலும் உடை ஊசியிலும் உள்ள முத்துகளைத் தடவிப் பார்த்தே வாங்கினார்கள். வியன்னா, ரோம், லண்டன் மட்டுமல்ல, 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் இது அச்சானது!

சரியான எடை 28.07 கிராம், வெள்ளி 83.3 சதவீதம். விளிம்பில் லத்தீன் எழுத்துகள் புடைத்திருக்க வேண்டும், வழவழவென்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அசல் வெள்ளிதானா என்று சோதிக்க, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுக்க அமிழ்த்துங்கள். அடியைத் தொட்டால் கணக்கே கெட்டுவிடும்; காற்றுக் குமிழி ஒட்டினாலும் தவறும். தராசு ஏறக்குறைய 2.75 கிராம் காட்டினால் நல்லது. காசின் எடையை அதனால் வகுத்தால் அதன் அடர்த்தி 10.2 வரும். தேய்ந்த காசுக்கும் இந்த விகிதம் மாறாது. 9க்குக் கீழே இறங்கினால் செம்புக் கலவைப் போலி.

தயவுசெய்து புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்புப் படலம் போனால் சேகரிப்பாளர் தரும் விலையும் போய்விடும்.