வளாகத்தில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடுதிக் குப்பையோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போனது. வளாகத்தில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பைக் கையில் எடுத்திருக்கிறோம். பேரணியில் தொடங்கலாமா, கருத்தரங்கிலா?

இரண்டும் வேண்டாம் தம்பி. நான் பார்த்த ஒரு பேரணியில் முன்னால் பிடித்துப் போன பேனரே ஃபிளெக்ஸ், அதாவது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். முடிந்ததும் எல்லோருக்கும் தண்ணீர் பாக்கெட். மறுநாள் காலையில் குனிந்து பொறுக்கியது எங்கள் தூய்மைப் பணியாளர்கள்தான்.

முதலில் குப்பையை எடை போடுங்கள். ஒரு தார்ப்பாய், ஒரு தராசு, நல்ல கையுறை, ஒரு வாரம். விடுதி, கேண்டீன், வகுப்புக் கட்டடம், அலுவலகம் என்று தனித்தனியாகக் கொட்டிப் பிரித்து, எது எவ்வளவு என்று எழுதுங்கள். விழா நடக்கும் வாரம் வேண்டாம், சாதாரண வாரமாக இருக்கட்டும். நாங்கள் அப்படிச் செய்தபோது பார்சல் கவர், பேப்பர் கப், தண்ணீர் பாட்டில், சிப்ஸ் உறை இவைதான் குவிந்தன. அவற்றில் பாதிக்கு மேல், மாணவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவையே இல்லை. டீ கேட்டால் பேப்பர் கப்பில்தான் கிடைக்கும், சாம்பார் கேட்டால் கவரில்தான் கட்டுவார்கள் என்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மாணவர்களிடம் போகாதீர்கள். கேண்டீன் டெண்டர் போடும் அலுவலகத்துக்குப் போங்கள்.

நான் கல்லூரி கேண்டீன் எடுத்து நடத்துகிறேன். பிளாஸ்டிக் கப்பை நிறுத்திவிட்டு பேப்பர் கப் கொடுக்கிறேன். அதற்கும் குறை சொல்கிறார்களே, ஐயா?

வெறும் பேப்பராக இருந்தால் டீ ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஊறி ஒழுகிவிடும். ஒழுகாமல் நிற்பது உள்ளே இருக்கும் மெல்லிய பாலித்தீன் பூச்சால். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் இந்தக் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி வெந்நீர் ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் நீரில் கலந்திருந்தன. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது.

எவர்சில்வர் டம்ளருக்கோ கண்ணாடி கிளாஸுக்கோ திரும்புவதுதான் வழி. உடனே நீங்கள் கேட்கப்போவது தெரியும்: கழுவ ஆள்? நியாயமான கேள்வி. கழுவும் தொட்டி, வெந்நீர், ஓர் ஆள் கூலி, இந்தச் செலவை உங்கள் தலையில் மட்டும் கட்டினால் ஆறு மாதத்தில் பேப்பர் கப் திரும்பி வந்துவிடும். வாடகையில் அதற்கு ஈடாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லி, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பார்சலுக்கு ஒரு யோசனை. டப்பாவுக்கு முன்பணம் வாங்குங்கள், டப்பா திரும்பி வந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அதுவரை காட்டில் வீசப்பட்டு வந்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பியது. கல்லூரி விஷயத்துக்கு டாஸ்மாக் உதாரணமா என்று முகம் சுளிக்க வேண்டாம். பத்து ரூபாய்க்கு இருக்கும் மரியாதை அறிவுரைக்கு இல்லை.

கருத்தரங்கில் துணிப்பை மாதிரி ஒன்று கொடுக்கிறார்களே, அது பரவாயில்லையா?

தையல் இல்லாமல் ஓரம் ஒட்டியிருந்தால், தொட்டால் மொரமொரவென்று இருந்தால், அது துணி இல்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், இது உருகி உருண்டையாகும். மஞ்சப்பையே போதும்.

விடுதித் தண்ணீரை நம்ப முடியவில்லை சார். அதனால் தினமும் பாட்டில் வாங்குகிறோம். எங்களைத்தான் வார்டன் திட்டுகிறார்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. தண்ணீரில் நம்பிக்கை வராமல் பாட்டில் குறையாது. எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் சரி.

நிர்வாகத்திடம் மூன்றைக் கேளுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி, சுத்திகரிப்புக் கருவியில் ஃபில்டர் மாற்றிய தேதி, கோலிஃபார்ம் கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை முடிவு. மூன்றும் குழாய்க்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டப்பட வேண்டும், அலுவலகக் கோப்பில் இருந்து பயனில்லை. உங்கள் வேதியியல் துறையிலோ நுண்ணுயிரியல் துறையிலோ மாதம் ஒருமுறை சோதித்துத் தரச் சொல்லலாம். மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியும் ஆயிற்று. அப்புறம், குழாயின் உயரத்தைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிமிர்ந்து நிற்க இடமில்லாத குழாய்களை எத்தனையோ விடுதிகளில் பார்த்திருக்கிறேன்.

'மக்கும் பிளாஸ்டிக்' என்று போட்ட கவர் வாங்கலாமா?

வேண்டாம். அதில் பெரும்பாலானவை மக்க 60 டிகிரிக்கு அருகில் சூடு பல வாரம் நிற்க வேண்டும். அது குப்பையை மக்கவைத்து உரமாக்கும் பெரிய தொழிற்கூடத்தில் நடக்கும், வளாகத்தின் உரக்குழியில் நடக்காது. சாதாரண பிளாஸ்டிக்கோடு கலந்துவிட்டால் மறுசுழற்சியையும் கெடுக்கும்.

நாங்கள் பிரித்துப் போடுகிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிப்பது?

இந்த ஒரு காட்சியைப் பார்த்துத்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரே வண்டி வருகிறதென்றால், எந்தக் குப்பை எந்த நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உணவுக் கழிவு தினமும் போகட்டும், உலர்ந்தது வாரம் இரண்டு நாள். உலர்ந்ததை வைக்க மழை படாத, பூட்டுள்ள ஓர் அறை தேவை. தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, பக்கெட் போன்றவற்றைக் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். அந்தக் காசு தூய்மைப் பணியாளர்களுக்கே போகட்டும். பிரிக்கும் வேலையை யாரும் சொல்லாமலே கவனமாகச் செய்வார்கள்.

சாப்பாட்டு மிச்சத்தைக் கவரோடு முடிச்சுப் போட்டு எறிவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். வாசனைக்கு மாடு கவரையும் சேர்த்துத் தின்னும். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கிடைத்தது செய்தியாகவே வந்தது.

சிப்ஸ் உறையைக் காயலான் கடையில் வாங்குவதில்லை. அதை வைத்து ரோடு போடலாம் என்கிறார்களே?

போடலாம். அந்த முறை பிறந்ததே நம் ஊர்க் கல்லூரியில்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்தது. ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லி மேல் படலமாகப் படியும். அதன் பிறகு தார். 2002-இல் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பி.வி.சி. மட்டும் இதில் சேரக் கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும். அதனால் பேரணி ஃபிளெக்ஸ் இங்கேயும் உதவாது.

ஆனால் உங்கள் வளாகத்தில் ரோடு பல வருடத்துக்கு ஒருமுறைதான் போடுவார்கள், சிப்ஸ் உறை தினமும் விழுகிறது. சேர்த்து வைத்து நகராட்சிக்கோ நெடுஞ்சாலை ஒப்பந்தக்காரருக்கோ கொடுக்க ஏற்பாடு இருந்தால் நல்லது. கேண்டீனில் கடலை மிட்டாயும் சுண்டலும் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கேண்டீனில் மாலை நாலரைக்குச் சுண்டல் சட்டி காலி.